மாதம்மாள் விட்டுவைத்த செடி

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு விதைப் பண்ணை. அதன் மேலாளர் ரங்கநாயகம், புதுத் தக்காளி ரகம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இலைக்கருகல் நோய் அண்டவே அண்டாதாம். எதிர்ப்பு விதையிலேயே இருக்கிறதாம்.

விவசாயிகள் பார்க்க வருவதற்கு முதல் நாள்தான் வயலுக்குள் இறங்கினார். எங்கு பார்த்தாலும் அடியிலைகளில் கரும்புள்ளி. களையெடுத்துக்கொண்டிருந்த மாதம்மாளைக் கூப்பிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள ஐந்நூறு செடியிலயும் கருகின இலை ஒண்ணு இருக்கக் கூடாது. இருந்தா நாளைக்கு வேலைக்கு வராதே."

"கருகின இலைய மட்டும்தானுங்களே?"

"அதைத்தானே சொல்றேன்."

மாதம்மாள் நிமிராமல் பறித்தாள். ஒரே ஒரு செடியை மட்டும் வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

மறுநாள் வயலில் ஒரு புள்ளி இல்லை. செடிகள் அடியில் மொட்டையாக நின்றன. "இந்த ரகத்துக்கு அடியிலையே வராது" என்று விளக்கினார் ரங்கநாயகம்.

"அப்போ இது?" என்றார் ஒரு விவசாயி. நடுவரிசையில் ஒரு செடி மட்டும் மண்ணைத் தொடத் தழைத்திருந்தது.

ரங்கநாயகம் மாதம்மாள் பக்கம் திரும்பிச் சீறினார். "இதை ஏன் பறிக்காம விட்டே?"

"கருகினதத்தானுங்களே பறிக்கச் சொன்னீங்க. இதுல ஒண்ணுகூட இல்லீங்க."

அந்த விவசாயி செடியருகே குத்தவைத்து அடியிலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல விதை எடுக்கறப்ப சொல்லியனுப்பும்மா" என்றார், மேலாளரைப் பார்க்காமல்.