நெருக்கி நட்ட இலுப்பைத் தோப்பு

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கு மரம் நடவும் பொழுது இருந்த அந்த நல்ல காலத்திலே, குன்றை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மூக்குக்கு மேல் கோபம். ஆனால் மனசு வெள்ளை. சின்ன வயதில் அம்மாவோடு பூப் பொறுக்கிய இலுப்பைத் தோப்பு புயலில் போனதிலிருந்து அந்த வாசனைக்கு ஏங்கிக் கிடந்தான். கண் மூடுவதற்குள் அப்படியொரு தோப்பைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

புதுத் தோப்பு போட மந்திரி தேனப்பரிடம் பாதி நிலத்தையும், அவரைக் கண்டாலே வயிறெரியும் பிரதானி சடைநாதரிடம் மீதியையும் கொடுத்தான். தேனப்பர் கன்றுக்குக் கன்று வண்டி போகிற மாதிரி இடம் விட்டார். சடைநாதரோ நாற்றங்கால் போல நெருக்கி நட்டார்.

சில வருஷம் கழித்து ராஜா வந்து பார்த்தான். சடைநாதர் பக்கம் நெடுநெடுவென்று நின்றது. மந்திரி பக்கம் எல்லாம் குட்டை. பாதி மண்ணைப் பாழாக்கிவிட்டார் என்று சடைநாதர் காதில் ஓத, ராஜாவுக்கு வந்ததே கோபம்! மந்திரியை நாட்டைவிட்டே போகச் சொல்லிவிட்டான். அவர் தோப்பிலும் நெருக்கி நட உத்தரவு போட்டான்.

தேனப்பர் வாதாடவில்லை. போகுமுன் ராஜாவும் பிரதானியும் தம் வீட்டில் ஒருவேளை சாப்பிட வரவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அங்கே போனால், இலைமேல் இலை ஏறக் கிடக்கிறது பந்தி! ராஜாவுக்கு இருபுறமும் மல்லர்கள். எதிரே சடைநாதரும் அதே இடுக்கில். வடை, பருப்பு, பாயசம் எல்லாம் வந்தது. கையை அசைத்தால் பக்கத்து முழங்கை விலாவில் இடிக்கிறது. சடைநாதர் பாவம், கழுத்தை எக்கி எக்கி ஒரு கவளம் போட்டுக்கொண்டார்.

"இது விருந்தா, தண்டனையா?" என்றான் ராஜா.

"சோற்றுக்குக் குறைவில்லை மகாராஜா, கை நீட்டத்தான் இடமில்லை. பிரதானியார் கன்றுகளும் இப்படித்தான். வெயிலுக்காகக் கழுத்தை எக்கி நிற்கின்றன. அடிமரம் பருக்கவில்லை, கிளை விரியவில்லை. பூ எங்கிருந்து வரும்?" என்றார் தேனப்பர்.

ராஜா கையைக்கூடக் கழுவாமல் தோப்புக்குப் போனான். நெடிய கன்று ஒன்றைத் தொட்டு வளைத்தான். அது தரையில் சாய்ந்தது, நிமிரவே இல்லை. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நம்பியிருந்தால் என் ஆயுசில் ஒரு பூவையும் கண்டிருக்க மாட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னான். தன் சால்வையை எடுத்துத் தேனப்பருக்குப் போர்த்தி, பதவியையும் திருப்பிக் கொடுத்தான்.

நலிந்த கன்றுகளைச் சடைநாதரே தம் கையால் பிடுங்க வேண்டும் என்று தீர்ப்பானது. எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்று தெரியாமல் அவர் தலைகுனிந்து நின்றார். தேனப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடையாளம் காட்டப் போனார்.

ராஜா இருவரையும் அருகே கூப்பிட்டான்.

"இனிமேல் ஆளுக்கொரு சீமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றான். "இத்தனை வருஷமும் ஒரே சபையில் உங்களை நெருக்கி நட்டவன் நான்தான்."