எழுத்தாணி தொடாத செவ்வந்தி

கேளுங்கள், சொல்கிறேன். நாட்டுக்கு நாடு ராஜா இருந்த காலத்தில் கொன்றையூரைப் பெருவேங்கை என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு மகன்கள் மூன்று பேர். கோபமும் மூன்று ஆளுக்குப் போதுமான அளவு இருந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பட்டத்துக்கு வரும் இளவரசன், பஞ்சம் வந்தால் என்ன செய்வான் என்பதை ஓலையில் எழுதிச் சபையில் வாசிக்க வேண்டும். வாசித்ததும் ஓலையை வாங்கி வைத்துக்கொண்டு, சபையார் மூன்று முறை "ஏன்?" என்று கேட்பார்கள். மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் முடி.

மூத்தவனுக்குக் கல்விச்சாலை ஆசிரியரே முழு ஓலையையும் எழுதிக் கொடுத்தார். தேன் சொட்டும் தமிழ்தான். முதல் "ஏன்?" வந்ததுமே அவன் திருதிருவென்று விழித்தான். இரண்டாமவனுக்குப் பாதி எழுதிக் கொடுத்தார். அவன் இரண்டாவது "ஏன்?" வரை தாக்குப்பிடித்தான்.

மிச்சம் இருந்தவன் கடைக்குட்டி கதிர்வேள். அவனும் தோற்றால் முடி பங்காளி வீட்டுக்குப் போய்விடும்.

கல்விச்சாலையில் செவ்வந்தி என்று ஒருத்தி இருந்தாள். எழுதியவர்கள் வாசிப்பார்கள், அவள் கேட்பாள். அதுதான் அவள் வேலை. எழுத்தாணியைத் தொடவே மாட்டாள். புரியாத இடம் வந்தால் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவாள், அவ்வளவுதான். என்ன குறை என்று எழுதியவனே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

கதிர்வேள் அவளிடம் வந்து, "களஞ்சியத்தைத் திறப்பேன்" என்று வாசித்தான். கொட்டை விழுந்தது. "களஞ்சியத்தை உடனே திறப்பேன்" என்று மாற்றினான். மறுபடியும் விழுந்தது. எரிச்சலோடு களஞ்சியத்துக்கே நடந்துபோய்ப் பார்த்தான். கதவில் மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று அதிகாரிகளிடம். அதில் ஒருவர் நான்கு நாள் தொலைவில் துறைமுகத்தில் இருந்தார். திரும்பி வந்து, "முதலில் பூட்டை உடைப்பேன்" என்று எழுதினான். கொட்டை விழவில்லை.

சபை கூடுவதற்கு முந்தின நாள் அரசன் அந்த ஓலையைப் பார்த்தான். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செவ்வந்தியை வரவழைத்து, திருடன் எழுதியது போல் இருக்கிறது, நல்லதாக நாலு வரி எழுதிக் கொடு என்றான். மாட்டேன் என்றாள். பொன் தருகிறேன் என்றான். மாட்டேன் என்றாள். சபையில் இவன் தோற்றால் உன் கையை வெட்டிவிடுவேன் என்றான்.

"வெட்டிக்கோங்க அரசே. இந்த வேலைக்குக் கை எதுக்கு? காது போதும். நான் ஒரு வரி எழுதினா, நாளைக்கு அந்த வரிக்காகச் சபையில யாரு நிப்பா? நீங்களா?"

பதில் இல்லாதவர்களுக்குத்தான் கோபம் அதிகம் வரும். அரசன் வாளோடு ஒரு காவலனை அவள் பக்கத்திலேயே நிறுத்திவிட்டான்.

மறுநாள் கதிர்வேள் வாசித்தான். பூட்டை உடைப்பேன் என்றதும் சபை சிரித்தது. உடைப்பது ஏன் என்று கேட்டார்கள். சாவிகள் கிடக்கும் தூரத்தைச் சொன்னான். ஆள் அனுப்பினால் என்ன, ஏன் பொறுக்கக் கூடாது என்று கேட்டார்கள். பசிக்கிற பிள்ளை நான்கு நாள் பொறுக்காது என்றான். சிரிப்பு அடங்கிவிட்டது.

மூன்றாவது "ஏன்?" அரசனே கேட்டான். அரசன் போட்ட பூட்டில் கைவைக்கும் துணிச்சல் உனக்கு ஏன் வந்தது என்றான்.

கதிர்வேள் தந்தையின் முகத்தை நேராகப் பார்த்தான். "பூட்டு உங்களோடது, நெல்லு ஊரோடது. நீங்களே குறுக்க நின்னாலும் உடைப்பேன் அப்பா."

சபை எழுந்து நின்றது. அரசன் தன் முடியைத் தானே கழற்றி மகன் தலையில் வைத்தான். காவலனும் வாளை உறையில் போட்டான்.

பிறர் எழுதித் தந்த சொல் முதல் கேள்விக்கே ஓடிவிடும், தானே தேடித் திருத்திய சொல் அரசன் முன்னாலும் நிமிர்ந்து நிற்கும்.