கோல் வாசலில் முளைத்த புல்

கடல் தாண்டிப் போய்ப் பந்தைத் தடுத்துப் பிழைத்தவன் ஒருவன் இருந்தான். பெயர் ததேயு. குமரிக் கடற்கரைக்காரன். பினாங்கில் ஒரு கால்பந்து கிளப்புக்கு ஸ்டாப்பர் பேக். கோல் கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்பது அவன் வேலை.

அந்தக் கிளப்பில் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்தவர் தனபாலன். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வயதில் ததேயுவைவிட இரண்டு குறைவு. ஆனாலும் தன் ஊரில் அடிமுறைச் சண்டை கற்பிக்கிறவரைக் கூப்பிடுவது போல, ததேயு அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவான். அவர் இவனை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை.

ததேயுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரணி ஃபார்வர்டு யாராக இருந்தாலும் அவனுடைய இடது தோளோடு ஒட்டிக்கொள்வான். தோளால் நெருக்கியே ஆளைத் திரும்ப விடாமல் செய்துவிடுவான். ததேயு நிற்கிற பக்கம் கதவு கிடையாது, சுவர்தான் என்று மற்ற கிளப்புக்காரர்கள்கூடச் சொல்வார்கள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் ததேயு பூட்ஸைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"சனிக்கிழமை ஆட்டத்துல கிளீட்டஸை நான் பிடிக்கணும்."

"தெரியும்."

கிளீட்டஸ் எதிரணியின் ஃபார்வர்டு. ததேயுவின் ஊர்க்காரன். சிறு வயதில் இருவரும் ஒரே மணலில் ஓடினவர்கள். இங்கே வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ததேயுவின் அறையில்தான் மீன்குழம்பு கொதிக்கும், மரச்சீனிக் கிழங்கு வேகும். சேர்ந்து சமைப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள்.

"போன ஞாயித்துக்கிழமை தரையில உட்கார்ந்தான். இடது காலை மடக்க முடியல. என்னலேன்னு கேட்டேன். முட்டுக்குள்ள ஏதோ கிழிஞ்சிருக்காம். அவன் கிளப்புக்குத் தெரியாது. இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தத்துல கையெழுத்து விழணும், அதுவரை யார்கிட்டயும் மூச்சு விடாதே மக்கான்னு சொன்னான்."

"என்கிட்ட விடுறீங்களே."

"நீங்க ஆசான்."

ஆசான் கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். ததேயு நின்றபடியே தொடர்ந்தான்.

"எப்பவும்போல இடது பக்கம் நெருக்கினா அந்த முட்டு போயிரும். நெருக்காம விட்டா நம்ம டீமுக்குச் செய்யிற துரோகம். நான் என்ன செய்ய?"

"வேற ஒரு ஃபார்வர்டுக்கு இடது முட்டு சரியில்லைன்னு காதுல விழுந்தா என்ன செய்வீங்க?"

"அங்கேதான் போவேன்."

"இவருக்கு?"

"இவன் எனக்க தட்டுல சோறு தின்னுட்டே சொன்னான் ஆசானே."

ஆசான் எழுந்து கேலரிப் படிகளில் ஏறினார். ததேயுவும் பின்னால் ஏறினான். உச்சிப் படியில் நின்றால் மைதானம் முழுவதும் தெரியும். பயிற்சிக்கு மட்டுமே உள்ள மைதானம் அது. ஒரு பக்கத்துக் கோல் வாசலில் புல் தேய்ந்துபோன இடத்தில் சில நாளுக்கு முன் புதிதாக விதை தூவி, அந்தக் கோலில் பந்தடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். கயிறு ஒன்றும் கட்டவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர், மிதிக்காதீர்கள் என்று வாயால் சொன்னதோடு சரி. ஆட்டக்காரர்களும் மிதிக்கவில்லை.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் ஆசான்.

"கோல் வாசல்ல விதை போட்டிருக்காங்க."

"இவ்வளவு தூரத்துல விதை தெரியுதா?"

"விதை எப்படித் தெரியும்? எல்லாரும் சுத்திப் போற தடம் தெரியுது."

"சரி. போய்ச் சாப்பிடுங்க அண்ணே."

படி இறங்கும்போதே ததேயுவுக்கு மனம் லேசாகிவிட்டது. முளைக்கிற புல்லை எல்லோரும் சுற்றித்தானே போகிறார்கள். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை வந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து ததேயு கிளீட்டஸின் வலது பக்கமே நின்றான். இடது தோளை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

முதலில் கிளீட்டஸ் சிரித்தான். "என்ன மக்கா, இந்தப் பக்கம் வெயில் சுடுதோ?"

"பந்தைப் பாத்து ஆடுலே."

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பந்து எங்கோ தூரத்தில் இருந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இடது பக்கம் வா. எல்லாரையும் பிடிக்கிற மாதிரி என்னையும் பிடி."

"நான் நிக்கிற இடம் எனக்குத் தெரியும்."

"வாலே. ஆளுவ பாக்காங்க."

ததேயு போகவில்லை.

பிறகு ஒரு பந்து வந்தது. இடது பக்கம் வீட்டு வாசல் மாதிரித் திறந்து கிடந்தது. அந்த வழியாகப் போகாமல் கிளீட்டஸால் வேறு எங்கும் போயிருக்க முடியாது. போனான், அடித்தான், கோல் ஆனது. அவனுடைய ஆட்கள் ஓடி வந்து மேலே விழுந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவன் ததேயுவிடம் வந்தான்.

"இதை உன்கிட்ட நான் கேட்டேனா?"

அவ்வளவுதான் சொன்னான். திரும்பி நடந்துவிட்டான்.

கோட்டுக்கு வெளியே இன்னொருவரும் சிரிக்காமல் நின்றார். அவர் கிளீட்டஸின் கோச். ததேயுவின் ஆட்டத்தைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறவர். இடைவேளையில் கிளீட்டஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ஆள் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இடது பக்கத்தை விட்டதில்லை. உனக்கு மட்டும் ஏன் விடுறான்?"

"என் நல்ல நேரம்," என்றான் கிளீட்டஸ்.

கோச் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் இடது முழங்காலை விரலால் அழுத்தினார். இடைவேளைக்குப் பிறகு கிளீட்டஸ் இடத்தில் வேறு ஒருவன் இறங்கினான்.

அன்று ததேயுவின் அணி இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. மறுநாள் பூசை முடிந்து ததேயு இரண்டு பேருக்குச் சமைத்தான். குழம்பு ஆறும் வரை காத்திருந்தான். கிளீட்டஸ் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

சீசன் முடிந்தது. கிளீட்டஸுக்குக் கையெழுத்து விழவில்லை. திங்கட்கிழமை ஊருக்கு விமானம் ஏறப்போகிறான் என்று வேறு யாரோ சொல்லித்தான் ததேயுவுக்குத் தெரிந்தது. நேராக ஆசானிடம் போனான்.

"நீங்க காட்டின மாதிரிதான் செஞ்சேன் ஆசானே."

"நான் என்ன காட்டினேன்?"

"எல்லாரும் சுத்திப் போறதை."

ஆசானின் முகம் மாறியது. கையில் வைத்திருந்த பந்தைக் கீழே வைத்தார். அது உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கணும் அண்ணே. அது என் தப்பு."

"இப்ப சொல்லுங்க."

அவர் மறுபடியும் படி ஏறினார். ததேயுவும் ஏறினான். தூரத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. கோல் வாசலில் விதை முளைத்துப் பச்சையாக நின்றது. அதைச் சுற்றி, இத்தனை நாள் இத்தனை கால்கள் விலகிப் போன இடத்தில், புல்லே இல்லாமல் செம்மண் வட்டம் ஒன்று விழுந்திருந்தது. மைதானத்தில் வேறு எதுவும் அவ்வளவு எடுப்பாகத் தெரியவில்லை.

"என்ன தெரியுது?"

ததேயு அந்த வட்டத்தைக் கண்ணால் ஒரு முறை சுற்றி வந்தான்.

"நோவு எங்கே இருந்துதுன்னு தெரியுது."

"யாராவது மிதிச்சாங்களா?"

"ஒருத்தரும் மிதிக்கல."

"யாராவது சொன்னாங்களா?"

"சொல்லல."

மழை மைதானத்துக்கு வந்துவிட்டது. இருவரும் கேலரிக் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். தகரத்தில் விழுந்த சத்தம் குறையும் வரை ததேயு காத்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை அவன் ரூமுக்குப் போகலாம்னு இருக்கேன்."

"போங்க."

"கதவைத் திறப்பானான்னு தெரியல."

"தட்டிப் பாருங்க."

"மீன் வாங்கிட்டுப் போறேன். நானே சமைச்சு வைக்கிறேன். அவன் காலைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன். அந்த ஆட்டத்தைப் பத்தியும் எடுக்க மாட்டேன். ஊர்க்கதை எதையாவது பேசிட்டு, சாப்பிட்டுட்டு வந்துருவேன். போற நேரத்துல அவனுக்கு மனசு நோகக் கூடாது."

ஆசான் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் அந்தச் செம்மண் வட்டத்தில் தேங்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணே," என்றார். "இன்னும் சுத்தித்தான் போறீங்க."