கடைசி ஆளோடு நடந்த நாய்

அந்தக் காலத்தில் நாய்க்கும் வாய் இருந்தது. கடிக்க மட்டும் இல்லை, பேசவும். ஊரில் நல்லது கெட்டது என்றால் அதுவும் ஓரமாக நின்று கருத்துச் சொல்லும். யாரும் கேட்கமாட்டார்கள், அது வேறு.

நத்தம் பக்கத்தில் அப்படி ஒரு கிழட்டு நாய். செவலை. ஆட்டு மந்தையோடு நடந்தே வயதானது. பல் பாதி விழுந்துவிட்டது. அதற்கு ஒரே ஆசை. பழனி மலை ஏறி முருகனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பக்தி என்று நினைக்காதீர்கள். அது பார்த்தது முகங்களை. தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள் அதன் தெரு வழியாகத்தான் போவார்கள். போகும்போது சிடுசிடு என்று போகிற ஆள், வரும்போது வேறு ஆளாக வருவான். கால் வெடித்திருக்கும், வயிறு ஒட்டியிருக்கும். முகம் மட்டும் புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி இருக்கும். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த பூசத்துக்கு இருப்போமா என்று அதற்கே சந்தேகம்.

அந்த வருஷம் மோர்க்காரி காத்தாயி ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நாயும் கிளம்பியது.

கூட்டத்தில் மூக்கையன் என்று ஒரு வண்டிக்காரன். காத்தாயிக்குக் கொழுந்தன். மாட்டை நடக்கவிட்டு, தான் உட்கார்ந்தே பழகியவன். ஆனாலும் முதல் ஆளாகத்தான் நடப்பான். நாயைப் பார்த்ததும் நின்றான்.

"நீ எங்க வர்ற?"

"பழனிக்கு."

"சாமி கும்பிடவா?"

"பாக்க."

"பாத்து?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

மூக்கையன் குனிந்து கல்லை எடுத்தான். "நாயெல்லாம் மலையேறுனா அப்புறம் நமக்கு என்ன மரியாதை, அத்தாச்சி?"

"உனக்கு இப்ப இருக்கிற மரியாதைக்கு ஒண்ணும் குறையாது கொழுந்தனாரே," என்றாள் காத்தாயி. "கல்லைக் கீழ போடு. அதோட காலு, அது நடக்குது."

நடந்தது. வழி முழுக்கக் கூட்டத்தில் கடைசியாக வருகிறவர் யாரோ, அவரோடுதான் நடந்தது. யாரும் சொல்லவில்லை. மந்தையோடு வந்த பழக்கம். பின்னால் ஒன்று விட்டுப்போனால் அதற்குப் பொறுக்காது.

பூசத்தன்று சண்முக நதியில் குளித்து எழுந்தார்கள். எதிரே மலை. அதைவிட உயரமான மலைகள் எத்தனையோ இருக்கின்றன. நிமிர்ந்து பார்த்ததும் வாயை மூடவைக்கிற மலை அதுதான். காத்தாயியே பேச்சை நிறுத்தினாள் என்றால் பாருங்கள்.

இப்போது மாதிரி இல்லை அப்போது. பூசத்தன்று உச்சிவேளையில் ஒரே ஒரு தடவை திரை விலகும். விட்டால் அடுத்த பூசம்தான். மூக்கையனுக்கு அங்கேயும் முதல் ஆளாக நிற்க வேண்டும். ஒருவரிடமும் சொல்லாமல் கருவேலங்காட்டுக்குள் குறுக்கு வழி பிடித்தான்.

மற்றவர்கள் படியேறினார்கள். நாயும் ஏறியது. கால் நடுங்கியது, நாக்கு வெளியே தொங்கியது. ஏறிவிட்டது. யாரும் தடுக்கவில்லை. கால்களுக்கிடையே நுழைந்து சன்னதிக்கு நேராகப் போய் நின்றது. மணி அடித்தது. திரை அசைந்தது.

சுற்றிலும் அரோகரா. அதற்கு அடியில், எங்கோ கீழே, ஒரு குரல். மனிதக் காதுக்கு எட்டாத குரல்.

நாய் காத்தாயியைப் பார்த்தது. "உங்க கொழுந்தன் காட்டுல கத்துறாரு."

"திரை திறக்கப் போகுது. ஒரு நிமிஷம் இரு. பாத்துட்டு எல்லாருமே போவோம்."

நியாயமான பேச்சு. ஒரு நிமிஷத்தில் எதுவும் கெட்டுப்போய்விடாது. ஆனால் மந்தை நாய்க்கு அந்த நியாயம் தெரியாது. விட்டுப்போனது கத்தினால் அதன் கால் தானாகத் திரும்பும். திரும்பியது. திரை விலகியபோது அது பாதிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் மலையே ஒரு வாயாக அரோகரா என்றது. நாய் திரும்பவில்லை.

மூக்கையன் குதிகாலில் முள் ஏறி, எழ முடியாமல் கிடந்தான். எவ்வளவு இழுத்தும் முள் வரவில்லை.

"நீயா," என்றான்.

"நான்தான். காலைக் காட்டுங்க."

"கடிச்சுறாத."

"கடிக்கப் பல்லு வேணுமே."

இருந்த பல்லால் கவ்வி இழுத்தது. முள் வந்தது. கூடவே ஒரு பல்லும் வந்தது.

மலையில் மேளம் ஓய்ந்தது. மூக்கையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"திரை விலகிருச்சா?"

"விலகியிருக்கும்."

"நீ பாக்கலையா?"

"நீங்க கத்துனீங்க."

மூக்கையன் தடுமாறி எழுந்தான். நொண்டிக்கொண்டே அடிவாரம் வந்தான். நாய் பக்கத்திலேயே வந்தது. கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. எல்லார் முகமும் பளபளத்தது. நாய் ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்தது.

"வா கொழுந்தனாரே," என்றாள் காத்தாயி. "முதல் ஆளா நிக்கப் போன ஆளு. பாக்காமப் போச்சே உனக்கு."

"பாத்துட்டேன்," என்றான்.

கேலி செய்ய வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தேய்த்த செம்பு. அப்படியே விட்டுவிட்டாள்.

ஊர் திரும்பக் கிளம்பினார்கள். இப்போது கடைசி ஆள் மூக்கையன்தான். அவனுக்கு இரண்டடி முன்னால் நாய்.

"மெதுவா நடங்க சாமி," என்றான். "நானும் வர்றேன்."

யாரைக் கூப்பிடுகிறான் என்று நாய் அங்கும் இங்கும் பார்த்தது. வேறு யாரும் இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. வால் ஆடியது. அதற்கப்புறம் எந்த நாய்க்கும் பேச்சு வரவில்லை, வேண்டியும் இருக்கவில்லை.

பழனிக்கு நடக்கிறவர்கள் முன்பின் தெரியாத ஆளையும் சாமி என்று கூப்பிடுவது அன்று முதல்தான். எந்த ஊர்க் கூட்டம் கிளம்பினாலும், யாரும் அழைக்காமலே ஒரு நாய் வந்து சேர்ந்துகொண்டு கடைசி ஆளோடு நடப்பதும் அன்று முதல்தான்.