நாரத்தை இலைக்குள்ள ஒரு வெள்ளிக் கோடு

அந்தக் காலத்துல மிருகம், பூச்சி எல்லாத்துக்கும் பேச வாய் இருந்துச்சு. ஆனா ஒண்ணுக்கும் வைத்தியம் தெரியாது. உடம்புக்கு முடியலைன்னா எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும். மலைக்கு நடுவுல ஈரப்பள்ளம்னு ஒரு பள்ளம். மேல பாறையிலேர்ந்து தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருக்கும். கீழ பாசி மெத்தை மாதிரி கெடக்கும். நடுவுல ஒரு காட்டு நாரத்தை மரம். காத்தடிச்சா அந்த இலை வாசம் மூக்குல ஏறி நெஞ்சு வரைக்கும் போகும். அந்த மரத்தடியில கெடந்தா போதும், புண்ணு ஆறும், காய்ச்சல் எறங்கும். வாழ்க்கை வெறுத்துப் போய் வந்த ஆந்தை கூட அங்க கொஞ்ச நாள் உக்காந்திருந்துட்டு, "சரி, இருந்து தொலைக்கறேன் போ"ன்னு சொல்லிட்டுப் பறந்து போயிருக்கு.

ஒரே ஒரு கஷ்டம். அங்க சும்மா படுக்கணும். அதுதான் எவனாலயும் முடியாது. கால் அறுந்து தொங்கினாலும் நரிக்கு எங்கயாவது அவசரமா போக வேண்டியிருக்கும்.

அதுக்குத்தான் நூலான் இருந்தான். நூல் மாதிரி ஒல்லியா ஒரு புழு. அவன் வாயில வெள்ளி மாதிரி ஒரு எச்சில் ஊறும். அதை வச்சு நாரத்தை இலை மேல படம் போடுவான். காட்டுல என்ன பார்த்தானோ அதுதான் படம். ஒத்தக் கால்ல தூங்கிட்டு விழப் போற கொக்கு. கொம்பைத் தேய்க்கறப்போ சொகத்துல கண்ணை மூடிக்கற மான். மழைக்கு முன்னாடி முட்டையைத் தூக்கிட்டு ஓடுற எறும்பு, அதுல ஒரு எறும்பு மட்டும் வழி தப்பி எதிர்ப்பக்கம் ஓடும். ஒரு இலையைப் பார்த்தா அடுத்த இலையில என்னன்னு பார்க்கத் தோணும். பார்த்துக்கிட்டே படுத்திருந்தா புண்ணு தானா ஆறிடும்.

ஒரு தடவை நரி கேட்டான், "ஏன்டா நூலான், இந்தப் படத்தை நக்கினா இன்னும் சீக்கிரம் ஆறுமா?"

"படத்தை நக்காதடா. தண்ணியை நக்கு. படம் பார்க்கறதுக்கு."

"அப்ப ஆத்தறது படம் இல்லையா?"

"இல்ல. இந்த இடம்."

"அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு வரையற?"

"நீ எந்திரிச்சு ஓடிடக் கூடாதுன்னுதான்."

நரிக்கு அது புரியலை. புரியலைன்னாலும் கால் சரியாச்சு, போயிட்டான்.

அப்படி இருக்கறப்போதான் வீராத்தா பொண்ணுக்கு உடம்புக்கு வந்துச்சு. வீராத்தான்னா மேல் மலைக் கரடி. தேன் கூடு எல்லாம் அவ கணக்கு, குகை எல்லாம் அவ குகை. பொண்ணு பேரு கருமணி. குட்டி சாப்பிடலை. உடம்பு நெருப்பாக் கொதிச்சுது. மயிர் கொத்துக் கொத்தா உதிர்ந்துச்சு.

வீராத்தா கூடவே ஒரு குரங்கு ஒட்டிக்கிட்டுத் திரிவான், வாலப்பன்னு. தேன் ஒழுகுற இடத்துலதான் அவன் குடித்தனம். அவன்தான் நூலான்கிட்ட வந்தான்.

"அண்ணே, கும்பிடறேண்ணே. மேல் மலையிலேர்ந்து வரேன். நம்ம தாயி உங்களைப் பத்தியே பேசிட்டு இருக்காங்க."

"பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லு"ன்னான் நூலான்.

"அது..." வாலப்பன் தலையைச் சொறிஞ்சான். அப்புறம் பக்கத்துல இருந்த கிளையையும் சொறிஞ்சான். "தாயியே வராங்கண்ணே. பேசிக்கங்க."

வீராத்தா வந்தா. வந்து பள்ளத்து மேட்டுலயே நின்னுக்கிட்டா. கீழ பாசியில ஒரு காட்டுப்பன்னி மல்லாந்து படுத்துக் கொறட்டை விட்டுட்டு இருந்தான்.

"அந்த எடத்துலயா என் புள்ள படுக்கணும்?"

"பாசி நல்லா இருக்கும் ஆத்தா."

"பாசி நல்லா இருக்கும்டா. பன்னி நல்லா இருக்காது. எங்க வம்சத்துல எவளும் அடுத்தவன் படுத்த எடத்துல படுத்ததில்லை. நீ அந்த இலையைப் பறிச்சுக் குடு. குகையில வச்சுப் பார்த்துக்கறோம்."

"இலையில ஒண்ணும் இல்ல ஆத்தா. கூட்டிட்டு வாங்க."

"என் புள்ள எந்திரிச்சு நிக்க மாட்டேங்குறா பூச்சி"ன்னா வீராத்தா. அதைச் சொல்றப்போ மட்டும் அவ கொரல் கரடிக் கொரலா இல்ல. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அப்பதான் வாலப்பன் கிளையில சறுக்கி, நூலான் காது பக்கத்துல வந்து உக்காந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. பாசி எந்தப் பள்ளத்துல இல்ல? தண்ணி எந்தப் பாறையில வழியலை? அங்கெல்லாம் படுத்தா எவனுக்காச்சும் சரியாகுதா? இங்க மட்டும் ஏன் ஆகுது? இங்கதான நீங்க இருக்கீங்க. எடத்துக்குப் பேரைக் குடுத்துட்டு ஓரமா ஒக்காந்திருக்கீங்களேண்ணே. எனக்கு வயிறு எரியுது."

நூலான் எத்தனையோ பேருக்கு வரைஞ்சிருக்கான். எழுந்து போறவன் எல்லாம் "அப்பாடா"ன்னு சொல்லிட்டுப் போனானே ஒழிய, "நல்லா வரைஞ்சடா"ன்னு ஒருத்தன் சொன்னதில்லை. ஒருத்தன் கூட இல்ல. குரங்கு சொன்னது பொய்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் உள்ள இனிச்சுது.

இல்லைன்னு சொல்ல வாயைத் தெறந்தான். வாயில வெள்ளி ஊறுச்சு.

இருக்கறதுலயே பெரிய இலையாப் பார்த்துப் பிடிச்சான். கரடிக் குட்டி ஓடுற மாதிரி வரைஞ்சான். மயிர் முழுக்க இருக்கு, நாலு காலும் தரையில இல்ல, வாயில தேன் ஒழுகுது. அவன் வரைஞ்சதுலயே அதுதான் ஒசத்தி. வரைஞ்சு முடிச்சுட்டு, காம்பை அவனே கடிச்சு இலையை வாலப்பன்கிட்ட குடுத்தான்.

குகையில கருமணி அந்த இலையைப் பார்த்ததும் சிரிச்சா. எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரிச்சா.

"அம்மா, இது நான்தான?"

"நீயேதான் கண்ணு."

"இந்த மரம் எங்கம்மா இருக்கு? இன்னும் நெறைய இலை இருக்குமா? என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

"அங்க பன்னியெல்லாம் படுக்கும் தங்கம். உனக்கு என்ன வேணுமோ இங்கயே வரும்."

"பன்னி படுத்தா எனக்கு என்னம்மா?"

வீராத்தா இலையை அவ கண்ணுக்கு நேரா நிமிர்த்தி வச்சா.

பறிச்ச இலைதான? மறுநாள் ஓரம் சுருண்டுச்சு. பொழுது சாயறதுக்குள்ள படத்துக் குட்டியோட காலெல்லாம் மடங்கி உள்ள போயிடுச்சு. கருமணி அதையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"அம்மா, நான் சுருங்கறேன்."

"வாலா! ஓடுறா! வேற இலை கொண்டா!"

வாலப்பன் ஓடினான். கொண்டாந்தான். அதுவும் சுருண்டுச்சு. மறுபடி ஓடினான். ஒரு கிளையே மொட்டையாப் போச்சு. கடைசி இலையைக் கொண்டாந்தப்போ பார்க்கறதுக்குக் கருமணி இல்ல.

வீராத்தா பள்ளத்துக்கு வந்தா. இந்தத் தடவை மேட்டுல நிக்கலை. நேரா பாசியை மிதிச்சுக்கிட்டு மரத்தடிக்கே வந்தா. பின்னாடி காடே வந்துச்சு.

"என்ன குடுத்தடா என் புள்ளைக்கு?"

வாலப்பன் முந்திக்கிட்டான். "நான் அப்பவே சொன்னேன் தாயி! இடம்தான் ஆத்துது, இலை இல்லைன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அந்த எச்சிலைப் பார்த்தாலே தெரியலை? வெசம்!"

"எனக்குக் கூட ரொம்ப நாளாச் சந்தேகம்தான்"னான் பன்னி. "இந்தப் படத்தைப் பார்த்ததுலேர்ந்து முதுகு அரிக்குது."

"உனக்குப் பொறந்ததுலேர்ந்தே அரிக்குதுடா"ன்னான் நூலான். யாரும் சிரிக்கலை.

அவன் நரியைப் பார்த்தான். நரி ஆறின காலை வயித்துக்கடியில மடிச்சு வச்சுக்கிட்டு, "நான் இந்தப் பக்கமே வந்ததில்லைங்க"ன்னான்.

நூலான் வீராத்தாகிட்டதான் சொன்னான். "தப்பு என்னோடதுதான் ஆத்தா. காம்பை நான்தான் கடிச்சேன். ஆனா பாப்பாவை இங்க ஒரு பொழுது படுக்க வச்சிருந்தா..."

அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. வீராத்தாவுக்கு அது தெரியாம இல்ல. குகையில ராத்திரி பகலா அவ காதுல கேட்டுக்கிட்டு இருந்ததே அதுதான். அதை வெளியில ஒருத்தன் சொல்லிட்டா, அப்புறம் அவ எப்படி உசுரோட இருப்பா? கையை ஓங்கி இலை மேல இருந்த படத்தையெல்லாம் ஒரே வழி வழிச்சா. கொக்கு போச்சு. மான் போச்சு. வழி தப்பின எறும்பும் போச்சு. பின்னாடி நின்னதுங்க எல்லாம் வெசம்னும் பார்க்காம, மிச்சப் படத்தை நக்கி அழிக்க நாக்கை நீட்டிக்கிட்டு மரத்துல ஏறுச்சு. அங்க படுத்து எழுந்ததுங்கதான் நல்லாத் தேய்ச்சுதுங்க. எந்தெந்தக் கிளையில என்ன படம்னு அதுங்களுக்குத்தான் தெரியும்.

மேல நிக்க எடம் இல்லாமப் போச்சு நூலானுக்கு. இலையோட தோலைக் கிழிச்சு உள்ள புகுந்தான். மேல் தோலுக்கும் அடித் தோலுக்கும் நடுவுல படுத்துக்கிட்டான். அங்க எந்தக் கையும் வராது, எந்த நாக்கும் வராது. ஆனா வெளியில என்ன நடக்குதுன்னும் தெரியாது.

உள்ள போயும் அவன் சும்மா இல்ல. கருமணி ஓடறதைத்தான் வரைஞ்சுக்கிட்டே இருக்கான். இருட்டுல கால் எது, தலை எதுன்னு தெரியாம கோடு மட்டும் ஓடுது. மெல்லிசா ஆரம்பிச்சு, அகலமாகி, வளைஞ்சு வளைஞ்சு போயி, கடைசியில ஓரத்துக்கு வந்து நிக்குது. அங்க இலை சுருண்டுக்குது.

ஈரப்பள்ளத்துல தண்ணி இன்னும் வழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. படுத்தா இப்பவும் ஆறும். பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லாததால, ஒருத்தனும் படுக்கறதில்லை.

அன்னைக்குப் புடிச்சுதான் நாரத்தையிலயும் எலுமிச்சையிலயும் இலைக்குள்ள அந்த வெள்ளிக் கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடுது. நாமளும் அதைப் பார்த்த உடனே இலையைக் கிள்ளித் தூரப் போட்டுட்டு, செடிக்குச் சீக்கு வந்துடுச்சுன்னு சொல்றோம்.