கீறல் போட்ட கோழி

சார்ஜாவில் மாரிவிக்கின் சுட்ட கோழிக்கடையில் கரி அடுப்புப் பக்கம் வேறு யாரும் போக முடியாது. அடுப்பு அவளுடையது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான சவரிமுத்துவுக்கு வாய்த்தது உப்புத் தண்ணீர் வாளி.

சவரிமுத்து லேசுப்பட்ட ஆளா? திண்டுக்கல்லில் முப்பது வருஷம் பிரியாணி மாஸ்டர். அண்டாவைத் திறந்தால் நாலு தெரு மணக்கும். வயது ஐம்பத்து மூன்று. மாரிவிக்குக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. பிலிப்பைன்ஸில் பக்கோலோத் என்ற ஊர்க்காரி. அந்த ஊர்ச் சுட்ட கோழியை அவள் கடையில் ஒருநாள் தின்றுவிட்டு, மனுஷன் அசந்துபோய், "எனக்குக் கத்துக்கொடுங்க டீச்சர்" என்று நின்றார். மீசை நரைத்த சிஷ்யனை அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. "கூயா" என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அண்ணன். இரண்டு பேரும் பேசிக்கொண்டது அரைகுறை இந்தியும் அரைகுறை இங்கிலீஷும். சண்டை போடவே அது தாராளமாகப் போதும்.

தினமும் கடை திறந்ததும் அவர் கேட்பார்.

"டீச்சர், அடுப்பு எனக்கு எப்போ?"

"இன்னைக்கு உப்பு எப்படி, கூயா?"

அவ்வளவுதான் பதில். அவர் முணுமுணுத்துக்கொண்டே எலுமிச்சைப்புல்லை நசுக்குவார், இஞ்சி பூண்டு தட்டுவார், வினிகர் ஊற்றுவார், உப்பைக் கரைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

ஒரு வியாழக்கிழமை அவளே வந்து சொன்னாள்.

"நாளைக்கு மத்தியானம் இங்க எங்க ஊர்ச் சங்கத்து விருந்து. அறுபது தொடை. அடுப்புல நீங்க நில்லுங்க."

சவரிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நெசமாவா டீச்சர்?"

"எங்க ஆளுங்க நாக்கு பொல்லாதது. பார்த்துக்குங்க."

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக வந்து கடையைத் திறந்தார். இரவெல்லாம் ஊறிய தொடைகளை எடுத்து ஈரம் துடைத்து வரிசையாக வைத்தார். பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. கீறல் இல்லாத கோழியா? முப்பது வருஷத்தில் ஒரு தொடையைக்கூட அவர் கீறாமல் விட்டதில்லை. மேலே தடவுகிற சிவப்பு எண்ணெய் பிறகு எப்படி உள்ளே இறங்கும்? கத்தியை எடுத்தார். தொடைக்கு மூன்று கீறல், எலும்பு வரை. என்ன அழகான கீறல்! அளந்து போட்ட மாதிரி.

இரண்டே தொடை பாக்கி இருக்கும்போது மாரிவிக் உள்ளே வந்தாள்.

பார்த்தாள். கரியைப் பற்றவைத்து, கீறிய தொடை ஒன்று, கீறாதது ஒன்று, இரண்டையும் மூங்கில் குச்சியில் குத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

கீறிய தொடையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கரியில் விழுந்து புஸ்ஸென்றது. மற்றது சத்தம் போடாமல் சிவந்தது. வெந்ததும் இரண்டையும் பிய்த்து அவர் முன்னால் வைத்தாள்.

சவரிமுத்து தின்றார். கீறாததில் வாயெல்லாம் சாறு. கீறியது சக்கை.

அவர் முகம் செத்துப்போனது. "ராத்திரி பூரா ஊறினதை நானே வெளியே ஊத்திட்டேனே டீச்சர்!"

"ஆமா."

"வேற கோழி வாங்கிட்டு வரவா?"

"ஊற வைக்க நேரம் இருக்கா?"

"இல்ல. நீங்க நில்லுங்க டீச்சர். உங்க ஊர் ஆளுங்க முன்னாடி உங்க பேரு கெட்டுரும்."

அவள் இடுக்கியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டாள்.

அட கர்த்தரே! சவரிமுத்து அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்குக் கோட்டை விட்டால் இந்த ஜென்மத்துக்கு வாளிதான். எட்டு மாதம் ஏங்கிய அடுப்பு எதிரே இருக்கிறது. அப்புறம் மெல்ல மெல்ல பிரியாணி மாஸ்டர் உள்ளே விழித்துக்கொண்டார். தணலை இரண்டு ஓரமாக ஒதுக்கினார். சூடு தணிந்த நடுவில் தொடைகளைக் கீறல் மேலே பார்க்க அடுக்கினார். பரிமாற வைத்திருந்த வாழையிலையைத் தண்ணீரில் நனைத்து மேலே போர்த்தினார். இலைக்கடியில் ஆவி கட்டியது. அடிக்கொரு தடவை இலையைத் தூக்கி, கீறலுக்குள் எண்ணெயை வார்த்தார். கடைசியில் இலையை எடுத்துவிட்டுத் தணலைக் கூட்டித் தோலை முறுகவிட்டார். கண்ணெல்லாம் புகை. ஒரு தொடையைக்கூடப் பார்க்காமல் விடவில்லை.

விருந்துக்கு வந்தவர்களில் சங்கத்துத் தலைவி கொராசோன் அம்மாள் ஒரு வாய் தின்றாள். நிறுத்தினாள். தொடையைத் திருப்பிப் பார்த்து இங்கிலீஷில் கேட்டாள்.

"மாரிவிக், இது என்ன வெட்டு? நம்ம ஊர்ல யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்களே. கறிக்கடைக்காரன் கீறி அனுப்பிட்டானா?"

மாரிவிக் சவரிமுத்துவைப் பார்த்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கறிக்கடைக்காரன் என்ன வந்து கேட்கவா போகிறான்? சவரிமுத்து இடுக்கியைப் பிடித்தபடியே முன்னால் வந்தார்.

"அவன் இல்லம்மா. நான்தான் கீறினேன். தப்பு."

அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வாழையிலை போட்டுக் காப்பாத்தினதும் நான்தான்."

கொராசோன் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மீதியையும் தின்று எலும்பைச் சப்பினாள். "எங்க ஊர் ருசி அப்படியே இல்ல," என்றாள். "ஆனா இன்னொண்ணு வைங்க."

அதற்குப் பிறகு அடுப்பிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து அடுப்புக்கும்தான் அவருக்கு ஓட்டம். தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பந்தி கலைந்தது. மாரிவிக் இலைகளை வாரிக்கொண்டிருந்தாள். சவரிமுத்து இடுக்கியைத் துடைத்து அவளிடம் நீட்டினார். நிமிர்ந்துதான் நின்றார். கேட்கும்போதுதான் குரல் இறங்கியது.

"டீச்சர், இன்னைக்கு நான் பண்ணின கூத்துக்கு அப்புறம் கேக்கக் கூடாதுதான். அடுப்பு எனக்கு எப்போ?"

அவள் இடுக்கியை வாங்கிக்கொள்ளவில்லை. மூலையிலிருந்த வாளியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நாளைக்கு உப்பு சரியா இருக்கான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க, கூயா. நான் கரைச்சு வைக்கிறேன்."