நாற்பத்தெட்டு கிலோ

கடலும் வானமும் ஒரே நிறமாகிவிடும் விடியலில், உப்பளத்தின் நடுவே தனியாக நடந்து வந்தார் தவசிமுத்து. வரப்பின் இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வானம் தலைக்கு மேலும் இருந்தது, காலுக்குக் கீழும் இருந்தது. மேகத்தின் மேல் நடக்கிறோமோ என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது.

அளத்தின் கோடியில், உப்பு சேர்த்துவைக்க முன்பு கட்டி இப்போது யாருக்கும் வேண்டாமல்போன ஒரு பழைய கிட்டங்கி. பாதிக்கூரை போய்விட்டது. சுவரெல்லாம் உப்புப் பூத்து, வெளிச்சம் சுவரிலிருந்தே வருவதுபோல இருந்தது. அங்கேதான் அமலோற்பவம் அளத்துப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

அவர் அதே அளத்தில் இருபது வருடம் தலையில் உப்புப்பெட்டி சுமந்தவர். தவசிமுத்து அதே அளத்தில் முப்பது வருடம் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை சொன்னவர். சுமந்தவர்களுக்கு வெயில், எடை சொன்னவருக்குக் குடை. இந்தச் சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் எழுதிவைத்த எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடந்தது. ஒரே ஒரு முறை பெண்கள் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பதினேழு நாள். முன்வரிசையில் அமலோற்பவம். பதினெட்டாம் நாள் அவரைத் தவிர எல்லோரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். தோற்ற போராட்டத்துக்கு இந்த நாட்டில் யாரும் கல் நடுவதில்லை. ஆனால் அந்தப் பெண்களின் நடையில் அதற்குப் பிறகு ஏதோ மாறியிருந்தது. குடைக்கடியில் இருந்தபடி தவசிமுத்து அதைப் பார்த்திருக்கிறார்.

வாசலில் நிழல் தட்டியதும் அமலோற்பவம் திரும்பினார்.

"யாரு, எடைக்கார அண்ணாச்சியா?"

"நான்தான்."

"குடையைக் காணோமே?"

உள்ளே கல் தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கூரையில்லாத இடத்தில் சிரிப்பு மேலே போய் அப்படியே நின்றது.

"வாத்தியாரம்மா..." என்றார் தவசிமுத்து.

"அப்பெல்லாம் 'ஏட்டி'ன்னுதானே கூப்பிடுவீங்க."

"கூப்பிட்டேன். தப்புதான்."

"சரி, இருக்கட்டும். என்ன வேணும்?"

"பலம் வேணும்."

"இந்த வயசுல யாரை அடிக்கப் போறீங்க?"

"என் சம்சாரத்தைத் தூக்கணும்."

சிரிப்பு நின்றது. தவசிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மனைவி தங்கபுஷ்பம் கடுங்காய்ச்சலில் இரண்டு மாதம் படுத்துவிட்டாள். காய்ச்சல் போயிற்று, கால் திரும்பவில்லை. எலும்பில் குறையில்லை, சதைதான் கரைந்துவிட்டது என்றார் டாக்டர். இப்போது கக்கூசுக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து தூக்கிப் போகிறார்கள். நல்ல பையன்கள். ஆனால் அவர்கள் தூக்கும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை.

"ஏன்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"குடிச்சா திரும்பவும் அவங்களைக் கூப்பிடணுமே."

கேட்டவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள்.

"மழை விழுந்தா அளத்துல வேலை நின்னுடும். அவங்களும் வேற ஊருக்குப் போயிடுவாங்க. அதுக்குள்ள நான் தூக்கிப் பழகணும்."

"உங்க சம்சாரம் எவ்வளவு எடை இருப்பாங்க?"

தவசிமுத்து யோசிக்கவில்லை. எதைப் பார்த்தாலும் எடை சொல்லிவிடுவார். காக்கை, கல், கைக்குழந்தை, எதுவானாலும். ஊரில் அவருக்கு அது ஒன்றுதான் பெருமை.

"நாற்பத்தெட்டு கிலோ."

அமலோற்பவம் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"எந்திரிங்க. கையை ஊணாதீங்க."

மூன்றாவது தடவை முழங்கால் நடுங்கியது. ஐந்தாவது தடவை கண் இருட்டியது.

"இன்னைக்கு இவ்வளவுதான்."

"நான் இன்னும் தூக்கவே ஆரம்பிக்கலையே?"

"உங்களையே தூக்கினீங்களே."

தவசிமுத்து பைக்குள்ளிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்தார். மருமகன் பட்டணத்திலிருந்து அனுப்பிய சத்துமாவு. மூடியில் மலைபோல ஒருவன் நெஞ்சை விரித்து நின்றான்.

"இதைக் கரைச்சுக் குடிக்கவா?"

அமலோற்பவம் டப்பாவைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"மூடியைத் திறக்காம தினமும் பத்துத் தடவை தலைக்கு மேல தூக்குங்க. அதுக்கு இது போதும்."

"அப்ப என்னதான் சாப்பிட?"

"சோத்துல ஒரு கை குறைங்க. முட்டை ரெண்டு. சாளை மீன் மலிவா வரும்போது விடாதீங்க. மீன் இல்லாத நாள் அவிச்ச பயறு, கடலை. கடைக்காரன் இதுக்கெல்லாம் படம் போட்டு விக்க மாட்டான். ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்க."

"தினமும் வந்தா சீக்கிரம் பலம் வராதா?"

"பாத்தியில தண்ணி விட்டவுடனே உப்பு வாருவாங்களா?"

அவர் தலையாட்டினார். ஆனால் மறுநாளும் வந்தார். வாத்தியாரம்மா அவரைச் சுவரோரம் உட்காரவைத்து, கடலைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அலை வந்தது, போனது. அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். தூக்கத்தில் அவருடைய உடம்பு ஒரு வெள்ளைப் பாத்தியாகக் கிடந்தது. வெயில் அதன்மேல் மெல்ல நடந்துகொண்டிருந்தது. விழித்தபோது முழங்கால் வலி இறங்கியிருந்தது.

ஆனி போய் ஆடிக்காற்று வந்தது. பெட்டியிலிருந்து எழுந்தவர், இப்போது கையில் ஒரு சின்ன உப்பு மூட்டையை அணைத்துக்கொண்டு எழுந்தார். முறைக்கு முறை அமலோற்பவம் மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு படி உப்பு போடுவார். ஒரே ஒரு படி.

"குனியாதீங்க. குந்துங்க. மூட்டை நெஞ்சோட ஒட்டி இருக்கணும். தூரமாப் பிடிச்சா முதுகு போயிடும்."

"பத்து கிலோ முந்நூறு" என்பார் தவசிமுத்து, மூட்டையைத் தொட்டதுமே. அவர் சொன்னது ஒருநாளும் தப்பவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உப்புக் குவியல்கள் பகல் நிலாக்கள் மாதிரி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு எண் மிதப்பதை அவர் பார்த்தார். இருபது. முப்பது. நாற்பது. கடைசி நிலாவின்மேல் தங்கபுஷ்பம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

புரட்டாசியில் ஒரு காலையில் நாற்பத்தெட்டு கிலோ மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழுந்து, பத்து அடி நடந்து, திரும்பி வந்து இறக்கிவைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். அமலோற்பவம் மட்டும் மூட்டையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவசிமுத்து மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினார். தங்கபுஷ்பம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினார், கையை அவளுக்கு அடியில் கொடுத்தார், நெஞ்சோடு சேர்த்தார், எழுந்தார்.

அவள் அலறினாள். ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கை அவர் கழுத்தைத் தள்ளியது. உடம்பு பாதி மரமாகவும் பாதி துணியாகவும் நழுவியது. அவர் இடுப்பில் ஏதோ சுருக்கென்றது. இரண்டு பேரும் கட்டில்மேலேயே விழுந்தார்கள்.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லிட்டுத் தூக்கக் கூடாதா?" என்றாள் தங்கபுஷ்பம். "உப்பு மூட்டைகூட உங்களைப் பார்த்தா பயந்துபோகும்."

மறுநாள் கிட்டங்கிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மூட்டையும் நாற்பத்தெட்டு, அவளும் நாற்பத்தெட்டு. மூட்டை வருது, அவ வரமாட்டேங்கா. தராசு பொய் சொல்லாது வாத்தியாரம்மா. எங்க தப்பு?"

அமலோற்பவம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்டை வீட்டுப் பெண் சமைத்துக் கொடுத்துவிட்டுப் போன சாப்பாடு மூடிவைத்திருந்தது. அமலோற்பவம் திறந்து பார்த்தார். ஒரு தட்டில் இரண்டு முட்டை, நாலு சாளை மீன், அவித்த பயறு. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய வெள்ளைக் கஞ்சி.

"இந்தத் தட்டு யாருக்கு?"

"எனக்கு. நீங்கதானே சொன்னீங்க."

"இது?"

"அவளுக்கு. காய்ச்சல் உடம்பாச்சே."

"காய்ச்சல் எப்ப போச்சு?"

"மாசியில."

"இது என்ன மாசம்?"

தவசிமுத்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"புரட்டாசி" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். "காய்ச்சல் எனக்கு, மீன் அவருக்கு."

அமலோற்பவம் சிரிக்கவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து, ஒரு முட்டையை உரித்துத் தங்கபுஷ்பத்தின் உள்ளங்கையில் வைத்தார். ஊட்டவில்லை, வைத்தார். அந்தக் கை மெல்ல, தூரத்திலிருந்து வருவதுபோல, வாய்க்கு வந்து சேர்ந்தது. தவசிமுத்து அதன் எடையைச் சொல்லப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாக அவருக்கு எண் வரவில்லை.

"குதிகாலை மெத்தையில அழுத்துங்கக்கா" என்றார் அமலோற்பவம். "காலால என் கையைத் தள்ளுங்க. அஞ்சு தடவை."

மூன்று தடவை தள்ளினாள்.

"இன்னைக்கு இவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அமலோற்பவம் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த வீட்டுக்கு வந்தார். தட்டுகள் இரண்டும் ஒன்றுபோலவே ஆயின. தங்கபுஷ்பம் முதலில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு கால் தரையைத் தொட்டது. தரை சில்லென்று இருக்கிறது என்று சொல்லி அன்றைக்கெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியின் முதல் மேகம் கடலிலிருந்து நகர்ந்து வந்த மத்தியானத்தில் பக்கத்து வீட்டுப் பையன்கள் மூட்டை முடிச்சோடு வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். வெளிச்சம் பச்சையாகி, வீடு தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல இருந்தது. தங்கபுஷ்பம் கணவரைப் பார்த்தாள். கக்கூசுக்குப் போக வேண்டும்.

தவசிமுத்து வாசலில் நின்ற அமலோற்பவத்தைப் பார்த்தார்.

"அளத்துல பெட்டியைத் தலையில ஏத்த ரெண்டு பேர் வேணும்" என்றார் அமலோற்பவம். "சுமக்கிறவ ஒருத்தி. தூக்கிவிடுறவ ஒருத்தி. தூக்கிவிடுறவ பெட்டியில கையை வச்சுட்டு நிப்பா. சுமக்கிறவ 'ம்' சொல்ற வரைக்கும் அசைக்க மாட்டா. அதுக்கு முன்னாடி தூக்கினா சுமக்கிறவ கழுத்து முறிஞ்சிடும். பார்த்திருக்கீங்களா?"

"தினமும் பார்த்திருக்கேன்."

"அந்த 'ம்' கேட்டிருக்கீங்களா?"

தராசுக்கும் பெட்டி ஏற்றும் இடத்துக்கும் ஐம்பது அடி இருந்தது. குடைக்கடி வரை அந்தச் சத்தம் ஒருநாளும் வந்ததில்லை.

அவர் கட்டிலுக்கு முன்னால் குந்தினார். அவளுடைய கைகள் அவர் தோளில் விழுந்தன. அவருடைய கைகள் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றன. தூக்கவில்லை. காத்திருந்தார். எங்கோ தூரத்தில் மழை கடலில் விழுவது கேட்டது. காத்திருப்பது மூட்டையைவிடக் கனமாக இருந்தது. தொடை நடுங்கியது, அவர் நடுக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

"ம்."

எழுந்தார்கள். அவர் கைக்குள் நாற்பத்தெட்டு கிலோ வரவில்லை. பாதிகூட வரவில்லை. ஏதோ கொஞ்சம் வந்தது; மீதியை அவளுடைய கால்கள் தரையில் தாங்கிக்கொண்டன. தங்கபுஷ்பம் அவர் தோளைப் பிடித்தபடி ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். கக்கூசின் கதவை அவளே தள்ளி, உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு, அவரை வெளியே நிற்கச் சொல்லிச் சாத்திக்கொண்டாள்.

தவசிமுத்து மூடிய கதவுக்கு முன்னால் நின்றார். கை இரண்டும் இன்னும் அணைத்தபடியே காற்றில் இருந்தன.

"அப்படின்னா மூணு மாசம் நான் மூட்டை தூக்கினதெல்லாம் வீணா, வாத்தியாரம்மா?"

"எந்திரிக்கிறவங்களுக்குப் பக்கத்துல கையை நீட்டிட்டுச் சும்மா நிக்கணும் அண்ணாச்சி" என்றார் அமலோற்பவம். "அதுக்குத்தான் அவ்வளவு பலம்."